அசெம்பிளியில் ஆர்க்யுமென்ட் வாங்கும் புரொசீஜர்கள்: அழைப்பு முறையை அறிவிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, பாகாயம், ராணிப்பேட்டை பக்கத்துக் கல்லூரிகளில் 8086 லேப் முடித்துவிட்டு, அடுத்ததாக விண்டோஸிலோ லினக்ஸிலோ அசெம்பிளி எழுத உட்காரும் மாணவர்களுக்காக இதைத் தொகுத்திருக்கிறோம். லேபில் எல்லா மதிப்பையும் டேட்டா செக்மென்டிலோ ரெஜிஸ்டரிலோ வைத்தே பழகியிருப்பீர்கள். ஆர்க்யுமென்ட் வாங்கும் புரொசீஜர் எழுதும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கட்டளைகளையும் ரெஜிஸ்டர் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் பேச்சு மைக்ரோசாஃப்டின் மாஸ்ம் அசெம்பிளரையும் 32 பிட்டையும் பற்றியது.

அழைப்பு முறை என்பதில் என்னென்ன அடங்கும்?

ஆர்க்யுமென்ட்கள் ஸ்டாக்கில் போகின்றனவா, ரெஜிஸ்டரிலா. ஸ்டாக் என்றால் எது முதலில் போகிறது. வேலை முடிந்ததும் அந்த இடத்தை யார் காலி செய்வது. எந்த ரெஜிஸ்டர்களைக் கெடுக்காமல் திருப்பித் தரவேண்டும். விடை எங்கே வரும். கடைசியாக, ஆப்ஜெக்ட் ஃபைலில் புரொசீஜரின் பெயர் எப்படிப் பதிவாகும். இந்தக் கடைசி விஷயத்தைப் பாடத்தில் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். லிங்க் செய்யும்போது வரும் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன.

யார் காலி செய்வது என்பதற்கு ஒரு பழக்கமான காட்சி உண்டு. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர் எழுந்து போய்விடுவார், இலையை எடுக்க ஆள் வருவார். சில மெஸ்களில் சாப்பிட்டவரே இலையை எடுத்துப் போடவேண்டும். இரண்டுமே நடைமுறைதான். யாருமே எடுக்காவிட்டால் அடுத்த பந்திக்கு இடம் இருக்காது. இரண்டு பேரும் எடுக்கப் போனால் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் இலையும் போய்விடும். ஸ்டாக்கில் நடக்கும் விபத்துகளும் இந்த இரண்டு வகைதான்.

ஸ்டாக்கில் நடப்பதைக் கையால் ஒருமுறை போட்டுக் காட்ட முடியுமா?

அவசியம். அழைப்பை அசெம்பிளரே விரித்து எழுதும் இன்வோக் கட்டளையைப் பழகுவதற்கு முன் எல்லோரும் இதை ஒருமுறை தாளில் எழுதிப் பார்க்கவேண்டும். நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்தரி இரண்டரை கிலோ வாங்குகிறோம், கிலோ 48 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். தசமம் வராமல் இருக்க எடையைக் கிராமிலும் விலையைப் பைசாவிலும் கொடுக்கிறோம்: 2500, 4800.

புஷ் 4800
புஷ் 2500
கால் பில்

அழைப்பதற்கு முன், ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் இஎஸ்பி 1000 என்று வையுங்கள். முதல் புஷ்ஷில் 4800 போய் 996இல் உட்காரும். அடுத்து 2500, 992இல். கால் கட்டளை திரும்பும் முகவரியை 988இல் வைக்கும். உள்ளே போனதும்:

பில் புரோக்
புஷ் இபிபி
மூவ் இபிபி, இஎஸ்பி
மூவ் இஏஎக்ஸ், [இபிபி+8]
மல் டிவேர்ட் பிடிஆர் [இபிபி+12]
மூவ் இசிஎக்ஸ், 1000
டிவ் இசிஎக்ஸ்
பாப் இபிபி
ரெட் 8
பில் எண்ட்பி

பழைய இபிபி 984இல் போகிறது, புதிய இபிபியின் மதிப்பும் 984 ஆகிறது. ஆகவே 984+8 = 992இல் கிராம், 984+12 = 996இல் விலை. முதல் ஆர்க்யுமென்ட் +8இல் தொடங்குவது ஏன் என்று இனி மனப்பாடம் செய்யவேண்டாம்: பழைய இபிபிக்கு 4 பைட், திரும்பும் முகவரிக்கு 4 பைட், அவ்வளவுதான். விடை 12000 பைசா, அதாவது 120 ரூபாய், இஏஎக்ஸில் வருகிறது. ரெட் 8 திரும்பும் முகவரியை எடுத்த கையோடு இஎஸ்பியை இன்னும் 8 ஏற்றுகிறது. இஎஸ்பி மறுபடி 1000.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கில் கிராமையும் விலையையும் இடம் மாற்றி அனுப்பினாலும் விடை 12000தான் வரும், ஏனென்றால் உள்ளே நடப்பது பெருக்கல். விடை சரியாக இருக்கிறதே என்று வரிசையும் சரி என்று முடிவு கட்டாதீர்கள். அழைப்பு முறையைச் சோதிக்கக் கழித்தல் அல்லது வகுத்தல் செய்யும் ஒரு சிறு புரொசீஜரை வைத்துக்கொள்ளுங்கள். 10இலிருந்து 3ஐக் கழிக்கச் சொல்லி -7 வந்தால் வரிசை தலைகீழ் என்று உடனே தெரிந்துவிடும்.

இதையே அறிவித்து எழுதினால் எப்படி இருக்கும்?

.386
.மாடல் ஃபிளாட், எஸ்டிடிகால்
ஆப்ஷன் கேஸ்மேப்:நன்
பில் புரோட்டோ கிராம்:டிவேர்ட், விலை:டிவேர்ட்

.கோட்
பில் புரோக் கிராம்:டிவேர்ட், விலை:டிவேர்ட்
மூவ் இஏஎக்ஸ், கிராம்
மல் விலை
மூவ் இசிஎக்ஸ், 1000
டிவ் இசிஎக்ஸ்
ரெட்
பில் எண்ட்பி

அழைக்கும் இடத்தில்: இன்வோக் பில், 2500, 4800

புரோட்டோ என்பது புரொசீஜர் என்னென்ன ஆர்க்யுமென்ட் வாங்கும் என்ற அறிவிப்பு. இபிபியை அமைப்பது, +8, +12 என்று எண்ணுவது, ரெட்டுக்குப் பின் 8 போடுவது எல்லாவற்றையும் அசெம்பிளர் பார்த்துக்கொள்கிறது. புரோட்டோவும் இன்வோக்கும் மாஸ்ம் 6.0இலிருந்து இருக்கின்றன. பழைய 5.1 வைத்திருக்கும் லேபில் இவை ஓடாது.

.386 வரி .மாடல் வரிக்கு மேலேதான் இருக்கவேண்டும். ஃபிளாட் மாடலுக்கு 386 தேவை என்பதால், கீழே போட்டால் பிழை வரும். .மாடல் ஸ்மால் எழுதி அதன் கீழே .386 போட்டால் பிழை வராது, ஆனால் செக்மென்ட்கள் 16 பிட்டாகவே இருக்கும். இது பிழையைவிட மோசம், கண்ணுக்கே தெரியாது.

.மாடல் வரியில் சொன்ன முறை ஃபைல் முழுவதற்கும் பொதுவானது. ஒரே ஒரு புரொசீஜருக்கு மட்டும் வேறு முறை வேண்டுமென்றால் அதன் புரோட்டோவிலும் புரோக்கிலும் தனியாகச் சொல்லலாம்: பில் புரோட்டோ சி, கிராம்:டிவேர்ட், விலை:டிவேர்ட். இரண்டு இடத்திலும் சொல்லவேண்டும்.

எங்கள் அழுத்தமான பரிந்துரை: புரோட்டோ வரிகளை எல்லாம் ஒரே இன்க்ளூட் ஃபைலில் வையுங்கள். புரொசீஜரை எழுதும் ஃபைலும் அழைக்கும் ஃபைலும் அதே ஒன்றையே சேர்க்கட்டும். ஆளுக்கொரு புரோட்டோவைத் தனித்தனியாகத் தட்டினால், ஒருநாள் ஒன்றை மாற்றி மற்றொன்றை மறப்பீர்கள்.

சி, எஸ்டிடிகால், பாஸ்கல், ஃபாஸ்ட்கால்: எப்போது எது?

சி முறையில் ஆர்க்யுமென்ட்கள் வலமிருந்து இடமாகப் போகும், அழைத்தவர் காலி செய்யவேண்டும், பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு சேரும். பிரிண்ட்எஃப் மாதிரி எத்தனை ஆர்க்யுமென்ட் வரும் என்று முன்கூட்டித் தெரியாதவை எல்லாம் இந்த முறையில்தான் இயங்க முடியும். எத்தனை அனுப்பினோம் என்பது அழைத்தவருக்குத்தானே நிச்சயமாகத் தெரியும்!

எஸ்டிடிகாலிலும் வரிசை வலமிருந்து இடம்தான். காலி செய்வது அழைக்கப்பட்டவர் பொறுப்பு. பெயர் _பில்@8 என்று பதிவாகும். 8 என்பது ஆர்க்யுமென்ட்கள் பிடிக்கும் மொத்த பைட். 32 பிட் விண்டோஸின் ஏபிஐ ஏறக்குறைய முழுவதும் இதுதான். முக்கியமான விலக்கு டபிள்யூஎஸ்பிரிண்ட்எஃப். ஆர்க்யுமென்ட் எண்ணிக்கை மாறக்கூடியது என்பதால் அது சி முறை. அதன் புரோட்டோவில் சி என்றும் கடைசியில் :வார்ஆர்க் என்றும் போடவேண்டும். இதை எஸ்டிடிகால் என்று அறிவித்துவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய.

பாஸ்கல் முறை இடமிருந்து வலம், அழைக்கப்பட்டவர் காலி செய்வார், பெயர் முழுக்கப் பெரிய எழுத்தாகிவிடும். 16 பிட் விண்டோஸ் காலத்தது. பழைய நிரலைப் படிக்கும்போது மட்டும் தேவைப்படும்.

ஃபாஸ்ட்காலில் முதல் இரண்டு ஆர்க்யுமென்ட்கள் இசிஎக்ஸ், இடிஎக்ஸில் போகும், மீதி ஸ்டாக்கில். இது மைக்ரோசாஃப்ட் சி கம்பைலரின் வழக்கம். அதே பெயரில் வேறு கம்பைலர்கள் வேறு ரெஜிஸ்டர்களைப் பயன்படுத்தியதுண்டு. கட்டாயம் இல்லாவிட்டால் தொடவேண்டாம்.

நீங்களே எழுதி நீங்களே அழைக்கும் புரொசீஜர்களுக்கு எஸ்டிடிகாலையே சொல்வோம். காரணம் அந்த @8தான். ஒரு ஃபைலில் இரண்டு ஆர்க்யுமென்ட், இன்னொன்றில் மூன்று என்று அறிவித்திருந்தால் பெயர் @8, @12 என்று மாறி லிங்கரே நிறுத்திவிடும். சி முறைப் பெயரில் இந்த எண் இல்லை. தவறு லிங்க் தாண்டி ஓடி, சம்பந்தமில்லாத இடத்தில் வெடிக்கும்.

அன்ரிசால்வ்டு எக்ஸ்டெர்னல் என்று லிங்கர் சொல்கிறது. புரொசீஜர் கண்ணெதிரே இருக்கிறதே?

பிழையில் காட்டும் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். முன்னால் அடிக்கோடு இருக்கிறதா, பின்னால் @ எண் இருக்கிறதா, பெரிய எழுத்து சிறிய எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். @ இருந்தால் அழைப்பவர் எஸ்டிடிகால் என்று நம்புகிறார். @ எண் மட்டும் வேறுபட்டால் ஆர்க்யுமென்ட் எண்ணிக்கையோ அளவோ தவறு. பெரிய சிறிய எழுத்து மட்டும் வேறு என்றால், தட்டியபடியே வைக்கச் சொல்லும் கேஸ்மேப்:நன் விட்டுப்போயிருக்கும்.

பெயரில் கேள்விக்குறியும் புரியாத எழுத்துகளும் வந்தால் அழைப்பது சி++. அங்கே அறிவிப்புக்கு முன் எக்ஸ்டர்ன் "சி" போட்டால் தீர்ந்தது.

சி முறையில் காலி செய்ய மறந்தால் உடனே தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது, அதுதான் ஆபத்து. காலுக்குப் பின் ஆட் இஎஸ்பி, 8 விட்டுப்போனால் ஒவ்வொரு அழைப்புக்கும் 8 பைட் ஸ்டாக்கில் தங்கும். அழைத்த புரொசீஜரின் முடிவில் லீவ் கட்டளை இபிபியை வைத்து இஎஸ்பியைச் சரி செய்துவிடும். எனவே ஒன்றிரண்டு முறை மறந்தால் ஒன்றும் ஆகாதது போல இருக்கும். அதையே லூப்பில் போடுங்கள்: விண்டோஸில் வழக்கமான ஸ்டாக் 1 எம்பி, அதாவது 1048576 பைட். 8ஆல் வகுத்தால் 131072. அத்தனை சுற்றுக்குள் ஸ்டாக் தீர்ந்து நிரல் சாகும். நூறு சுற்றில் சோதித்துப் பார்த்துவிட்டு ஓடுகிறது என்று ஒப்படைத்திருப்பீர்கள்.

அழைத்த புரொசீஜரில் யூசஸ் (காக்கவேண்டிய ரெஜிஸ்டர்களைப் புரோக் வரியில் பட்டியலிடும் சொல்) போட்டிருந்தால் கதை வேறு. மாஸ்ம் எழுதும் முடிவுப் பகுதியில் முதலில் பாப், பிறகுதான் லீவ். ஸ்டாக்கில் 8 பைட் மிச்சம் இருந்தால் இஎஸ்ஐயிலும் இடிஐயிலும் பழைய மதிப்புக்குப் பதில் கத்தரிக்காய் எடையும் விலையும் வந்து உட்காரும். திரும்பிப் போன பிறகு, அதை அழைத்தவர் இவற்றில் ஒன்றை முகவரியாக நினைத்து 2500ஐயோ 4800ஐயோ தொடுவார், நிரல் அங்கே விழும். பிழை தெரிவது ஓரிடம், பிறந்தது வேறிடம்.

சந்தேகம் வந்தால் காலுக்கு முன் இஎஸ்பியை ஒரு மாறியில் எடுத்துவைத்து, பின் ஒப்பிடுங்கள். மைக்ரோசாஃப்ட் சி கம்பைலரின் டீபக் சோதனையும் இதைத்தான் செய்கிறது. இஎஸ்பி சரியாகக் காக்கப்படவில்லை என்று அது பெட்டி காட்டினால், அறிவித்த முறையும் எழுதிய முறையும் வேறு என்று பொருள்.

எந்தெந்த ரெஜிஸ்டரைக் காக்கவேண்டும்?

32 பிட்டில் இபிஎக்ஸ், இஎஸ்ஐ, இடிஐ, இபிபி நான்கையும் வந்தபடியே திருப்பித் தரவேண்டும். இஏஎக்ஸ், இசிஎக்ஸ், இடிஎக்ஸ் மூன்றும் கெடலாம். டைரக்ஷன் ஃபிளாக் சுழியாக இருக்கவேண்டும். எஸ்டிடி போட்டால் சிஎல்டி போட்டுவிட்டுத்தான் வெளியே வரவேண்டும்.

அறிவிக்கும் வடிவம்: பில் புரோக் யூசஸ் இபிஎக்ஸ் இஎஸ்ஐ, கிராம்:டிவேர்ட், விலை:டிவேர்ட். ரெஜிஸ்டர்களுக்கு நடுவே இடைவெளி மட்டும், கமா கிடையாது. பட்டியல் முடிந்து ஆர்க்யுமென்ட் தொடங்கும்போதுதான் கமா. யூசஸில் இஏஎக்ஸைச் சேர்த்துவிட்டு விடை வரவில்லையே என்று தேடுவது லேபில் அடிக்கடி நடக்கிறது. முடிவில் பாப் பழைய மதிப்பைத் திரும்ப வைத்துவிடுகிறது, விடை எங்கிருந்து வரும்?

விண்டோஸ் தானாக அழைக்கும் விண்டோ புரொசீஜர் போன்றவற்றில் இந்த நான்கையும் காப்பது கட்டாயம். அங்கே கெடுத்தால் விண்டோஸின் உள்ளே எங்கோ விழும், உங்கள் வரியைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இன்வோக்கில் ஏ2133, ஏ2114, ஏ2136, ஏ2137 பிழைகள் வருகின்றன.

ஏ2137 ஆர்க்யுமென்ட் குறைவு, ஏ2136 அதிகம், ஏ2114 வகை பொருந்தவில்லை. புரோட்டோவைப் பார்த்துத் திருத்துங்கள்.

ஏ2133க்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். லோக்கல் மாறியின் முகவரியை ஏடிடிஆர் வைத்து அனுப்பினால், அசெம்பிளர் எல்இஏ கட்டளையால் முகவரியை இஏஎக்ஸில் எடுத்து அதைப் புஷ் செய்கிறது. புஷ் வலமிருந்து இடமாக நடப்பதால், இன்வோக் எழுது, இஏஎக்ஸ், ஏடிடிஆர் தாள் என்று எழுதினால் முதலில் முகவரி வந்து இஏஎக்ஸை அழித்துவிடும், பிறகு அழிந்த இஏஎக்ஸ் போகும். அதைத்தான் அசெம்பிளர் தடுக்கிறது. மதிப்பை இபிஎக்ஸ் அல்லது இஎஸ்ஐக்கு மாற்றி அனுப்புங்கள்.

ஏடிடிஆருக்குப் பதில் ஆஃப்செட் போடலாமா என்றால், டேட்டா செக்மென்டில் இருப்பதற்குப் போடலாம். லோக்கலுக்கு முடியாது, அதன் முகவரி ஓடும்போதுதான் முடிவாகிறது.

பைட் ஆர்க்யுமென்ட் அனுப்பினால் ஸ்டாக்கில் ஒரு பைட் போதுமா?

இல்லை, 4 பைட் இடம் போகும். மேல் மூன்று பைட்டில் சுழிதான் இருக்கும் என்று நம்பாதீர்கள். உள்ளே மூவ்இசட்எக்ஸ் போட்டு ஒரு பைட்டை மட்டும் எடுங்கள். முடிந்தால் எல்லாவற்றையும் 4 பைட் வகையான டிவேர்டாகவே அறிவித்துவிடுங்கள், தொல்லை குறையும்.

ரெட் எழுதினால் சரி, ரெட்என் எழுதினால் விழுகிறது. ஏன்?

ஆர்க்யுமென்ட், லோக்கல், யூசஸ் எதுவாவது உள்ள புரோக்கில் ரெட் என்று எழுதினால் பாப், லீவ், ரெட் 8 என்று முழு முடிவுப் பகுதியையும் அசெம்பிளர் விரிக்கிறது. ரெட்என் எழுதினால் விரிக்காது, நீங்கள் எழுதிய ஒரு கட்டளை மட்டும் போகும். இபிபி இன்னும் ஸ்டாக்கில் இருக்க, அதையே திரும்பும் முகவரி என்று எடுத்துக்கொண்டு ஓடும்.

விரித்ததைக் கண்ணால் பார்க்க, மாஸ்மை இயக்கும் எம்எல் கட்டளைக்கு /எஃப்எல் /எஸ்ஜி இரண்டையும் கொடுங்கள். லிஸ்டிங் ஃபைலில் அசெம்பிளர் தானாகச் சேர்த்த வரிகளும் தெரியும். இன்வோக்கை நம்புவதற்கு முன் இந்த லிஸ்டிங்கை ஒருமுறையாவது வரி வரியாகப் படியுங்கள்.

லேபில் டாஸ்பாக்ஸ், 8086. அங்கே என்ன மாற்றம்?

64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலை ஓட்டாது என்பதால்தான் டாஸ்பாக்ஸ். அங்கே திரும்பும் முகவரி 2 பைட், பழைய பிபி 2 பைட், எனவே முதல் ஆர்க்யுமென்ட் [பிபி+4]. ஃபார் புரொசீஜர் என்றால் சிஎஸ்ஸும் சேர்ந்து போவதால் [பிபி+6]. மீடியம், லார்ஜ் மாடல்களில் புரோக் தானாகவே ஃபார் ஆகிவிடும். ஸ்மாலில் ஓடிய, +4 என்று கையால் எழுதிய நிரல் லார்ஜில் தப்பு விடை தருவதற்கு இதுதான் காரணம்.

8086இல் எண்ணை நேரடியாகப் புஷ் செய்ய முடியாது, அது 80186இல்தான் வந்தது. மூவ் ஏஎக்ஸ், 4800 செய்து புஷ் ஏஎக்ஸ் செய்யவேண்டும். இன்வோக்கும் அப்படியே செய்வதால் ஏஎக்ஸ் அழியும்.

நம் பில் புரொசீஜரை 16 பிட்டில் ஓட்டினால் இன்னொரு எல்லையும் உண்டு. வகுத்த விடை ஏஎக்ஸில் அடங்கவேண்டும், 65535 வரைதான். பில் 655 ரூபாய் 35 பைசாவைத் தாண்டினால் டிவைட் பிழை வந்து நிரல் நிற்கும். அழைப்பு முறையில் தவறு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

64 பிட் விண்டோஸில் இன்வோக் இல்லையே?

64 பிட் மாஸ்மான எம்எல்64இல் இல்லை. கையால் எழுதவேண்டும். அங்கே முறை ஒன்றுதான்: முதல் நான்கு ஆர்க்யுமென்ட்கள் ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8, ஆர்9. மிதவை எண்கள் எக்ஸ்எம்எம்0 முதல் 3 வரை. அழைப்பவர் எப்போதும் ஸ்டாக்கில் 32 பைட் நிழல் இடம் (அழைக்கப்பட்டவர் பயன்படுத்திக்கொள்ள) விடவேண்டும், ஆர்க்யுமென்ட் ஒன்றுமே இல்லாவிட்டாலும். கால் கட்டளைக்கு முன் ஆர்எஸ்பி 16ஆல் வகுபடவேண்டும்.

சப் ஆர்எஸ்பி, 40 என்று எங்கும் பார்ப்பது இதனால்தான். உள்ளே நுழையும்போது திரும்பும் முகவரியால் 8 பைட் விலகியிருக்கிறது. 32 நிழலுக்கு, 8 சீராக்க. ஐந்தாவது ஆர்க்யுமென்ட் [ஆர்எஸ்பி+32]இல், அதற்கும் 40 போதும். ஆறாவதும் வந்தால் 48 போதாது, சீர் கெடும், 56 எடுங்கள். இங்கே ஆர்எஸ்ஐ, ஆர்டிஐயும் காக்கவேண்டியவை.

லினக்ஸில் நாஸ்ம் அசெம்பிளர். பிரிண்ட்எஃப்பை அழைத்தால் செக்மென்டேஷன் ஃபால்ட்.

64 பிட் லினக்ஸில் வரிசை ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9. நிழல் இடம் கிடையாது. 16 பைட் சீர் மட்டும் இங்கேயும் உண்டு. மெயினுக்குள் நுழைந்ததும் சப் ஆர்எஸ்பி, 8 போடாமல் பிரிண்ட்எஃப்பை அழைத்தால், உள்ளே மூவ்ஏபிஎஸ் கட்டளை சீர் இல்லாத முகவரியைத் தொட்டு விழலாம். ஜிடிபி டீபக்கரில் விழுந்த கட்டளை மூவ்ஏபிஎஸ் என்று காட்டினால் முதலில் பார்க்கவேண்டியது இதுதான். மிதவை எண் அனுப்பாதபோது காலுக்கு முன் எக்ஸ்ஓஆர் இஏஎக்ஸ், இஏஎக்ஸ் போடுங்கள். எத்தனை எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டரில் மதிப்பு இருக்கிறது என்பதை ஏஎல்லில்தான் பிரிண்ட்எஃப் பார்க்கிறது.

கெர்னலை நேரடியாக அழைக்கும் சிஸ்கால் கட்டளைக்கு நான்காவது ஆர்க்யுமென்ட் ஆர்சிஎக்ஸில் இல்லை, ஆர்10இல். சிஸ்கால் தானே ஆர்சிஎக்ஸையும் ஆர்11ஐயும் அழித்துவிடும்.

நாஸ்ம் பெயருக்கு அடிக்கோடு தானாகச் சேர்க்காது. 32 பிட் விண்டோஸில் நீங்களே _ போடவேண்டும், லினக்ஸில் வேண்டாம்.

8085 கிட்டில் ஸ்டாக் வழியாக ஆர்க்யுமென்ட் அனுப்ப முடியுமா?

முடியும். பிபி மாதிரி ரெஜிஸ்டர் இல்லை என்பதால் எச்எல்லை வைத்து எட்டவேண்டும். புஷ் டி செய்து காலுக்குப் பின், உள்ளே:

எல்எக்ஸ்ஐ எச், 0002
டிஏடி எஸ்பி
மூவ் இ, எம்
ஐஎன்எக்ஸ் எச்
மூவ் டி, எம்

திரும்பும் முகவரிக்கு 2 பைட் தாண்டவே அந்த 0002. ரெட் 8 போன்ற கட்டளை 8085இல் இல்லை. திரும்பி வந்ததும் அழைத்தவர் ஒரு பாப் போட்டு இடத்தைக் காலி செய்யவேண்டும்.